புயலுக்குப் பின் வரும் வெளிநாட்டுப் பணம் எப்படி வீடாகிறது?

2024 டிசம்பர் முதல் வாரம். ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்திருந்தது. புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் மழை. மழை விட்டது, தப்பித்தோம் என்று மூச்சு விட்ட கடலூர்க்காரர்களைத் தென்பெண்ணை பிடித்துக்கொண்டது. சாத்தனூர் அணையில் திறந்த தண்ணீர் ஆற்றோர ஊர்களுக்குள் புகுந்துவிட்டது. தண்ணீர் வடிந்த பிறகு தெரிந்த அக்கா ஒருவரைப் பார்க்கப் போனேன். மண்சுவர் வைத்து ஓடு போட்ட வீடு அவருடையது. இரண்டு பக்கச் சுவர் கரைந்து, கூரை அப்படியே உட்கார்ந்திருந்தது. அக்கா சேற்றுக்குள் கைவிட்டு, உடையாத ஓடுகளை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்து, அன்னக்கூடைத் தண்ணீரில் அலசி, வேப்பமரத்தடியில் அடுக்கிக்கொண்டிருந்தார்.

“தம்பி, சுனாமிக்கு உலக வங்கி பணம் வந்துச்சே, அது மாதிரி இதுக்கும் வந்தா நம்ம பாஸ்புக்குல ஏறுமா?”

“நேரா ஏறாதுக்கா.”

“அப்ப யாரு கணக்குலதான் ஏறும்?”

நியாயமான கேள்வி. நின்ற இடத்தில் முழுசாகச் சொல்ல வரவில்லை. அன்று அவருக்குச் சொல்லியிருக்க வேண்டியதைத்தான் இங்கே எழுதுகிறேன். புயலில் வீடு போன ஒருவருக்கும், இடிந்த பள்ளிக்கூடத்தையோ அலுவலகத்தையோ திரும்பக் கட்ட வேண்டிய ஒரு ஊருக்கும் வெளிநாட்டு உதவி எந்த வழியாக வருகிறது, வழியில் என்னவாக மாறுகிறது என்பதுதான் விஷயம்.

முதலில் ஒன்றைப் பிரித்துப் பார்த்துக்கொள்ளலாம். புயலுக்குப் பிந்தைய வேலை மூன்று கட்டமாக நடக்கிறது. ஆளைக் காப்பாற்றுவது முதல் கட்டம். படகு, கயிறு, ஜெனரேட்டர் எல்லாம் அதில் சேரும். அடுத்தது நிவாரணம்: அரிசி, தார்ப்பாய், கையில் கொஞ்சம் ரொக்கம். மூன்றாவது மறுகட்டுமானம். வீடு, பள்ளி, சாலை, மின்கம்பம் எல்லாவற்றையும் திரும்ப எழுப்புவது. முதல் இரண்டும் நாள் கணக்கிலும் வாரக் கணக்கிலும் முடிந்துவிடும். மூன்றாவதற்கு ஐந்து ஆண்டு, பத்து ஆண்டுகூட ஆகும். நம் ஊரைப் பொறுத்தவரை வெளிநாட்டுப் பணம் பெரும்பாலும் இந்த மூன்றாவது கட்டத்தில்தான் வந்து சேர்கிறது. டிவிக்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டு போன பிறகு தொடங்கும் வேலை அது. அதனால்தான் நம்மில் பலருக்கு அது கண்ணில் படுவதே இல்லை.

ஃபெஞ்சலுக்குப் பிறகு புதுச்சேரியில் குடும்ப அட்டைக்கு 5,000 ரூபாய் அறிவித்தார்கள். கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி மாவட்டங்களில் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு 2,000 ரூபாய். இதில் வெளிநாட்டுக் காசு ஒன்றும் கிடையாது. நம் வரிப்பணம்தான் அது. தமிழ்நாடு போன்ற மாநிலங்களில் மாநிலப் பேரிடர் நிதி என்று ஒன்று இருக்கிறது. அதில் 75 சதவீதம் மத்திய அரசும் 25 சதவீதம் மாநில அரசும் போடுகின்றன. இந்த நிதியிலிருந்து எதற்கு எவ்வளவு தரலாம் என்று தில்லியில் ஒரு பட்டியல் போட்டு வைத்திருக்கிறார்கள். 2022-ல் திருத்திய பட்டியலின்படி சமவெளியில் முழுசாக இடிந்த வீட்டுக்கு 1,20,000 ரூபாய். குடிசைக்கு 8,000. கொஞ்சம் சேதமான மெத்தை வீட்டுக்கு 6,500, மண்வீட்டுக்கு 4,000.

இந்தப் பட்டியலில் ஒரு சொல்லைக் கவனியுங்கள். மண்சுவரும் ஓடும் உள்ள வீடு முழுசாக விழுந்தால் அது ‘வீடு’ என்ற கணக்கில் வரும். கீற்று, களிமண், பிளாஸ்டிக் ஷீட் வைத்து ஒப்புக்குப் போட்டதைத்தான் ‘குடிசை’ என்று வரையறுத்திருக்கிறார்கள். 1,20,000-க்கும் 8,000-க்கும் நடுவே இருப்பது கணக்கெடுக்க வந்தவர் நோட்டில் எழுதும் அந்த ஒரு சொல். கட்டிய இடம் அனுமதி உள்ளதாக இருக்க வேண்டும் என்றும் ஒரு நிபந்தனை இருக்கிறது. புறம்போக்கில் முப்பது வருஷமாகக் குடியிருக்கும் குடும்பங்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கின்றன.

இது உள்நாட்டுப் பணத்தின் கதைதானே, வெளிநாட்டு உதவிக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். பின்னால் வெளிநாட்டு நிதியில் வீடு கட்டும் திட்டம் வந்தாலும், யாருக்கு வீடு போயிற்று என்று பார்ப்பதற்கு அதிகாரிகள் முதலில் எடுக்கும் காகிதம் இந்தக் கணக்கெடுப்புதான். அதில் பெயர் விட்டுப்போனால் அடுத்த வரிசையில் நுழைவதே பெரும் பாடு.

சரி, வெளிநாட்டு உதவிக்கு வருவோம்.

வரும் வழிகள்

ஒரு நாட்டு அரசு இன்னொரு நாட்டு அரசுக்கு நேரே கொடுப்பது ஒரு வழி. உலக வங்கி, ஆசிய வளர்ச்சி வங்கி, ஐ.நா. அமைப்புகள் போன்று பல நாடுகள் சேர்ந்து நடத்தும் நிறுவனங்கள் கொடுப்பது இன்னொரு வழி. மூன்றாவதாக, வெளிநாட்டிலிருக்கும் தொண்டு நிறுவனங்களும் தனி மனிதர்களும் இங்குள்ள தொண்டு நிறுவனங்களுக்கு அனுப்புவது.

முதல் வழியை இந்தியா 2004 சுனாமியின்போது பெரும்பாலும் மூடிவிட்டது. டிசம்பர் 26 அன்று தேவனாம்பட்டினத்திலும் சிங்காரத்தோப்பிலும் சோனாங்குப்பத்திலும் என்ன நடந்தது என்பது கடலூரில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பல நாடுகள் உதவி தர முன்வந்தன. நாமே சமாளித்துக்கொள்வோம், தேவைப்பட்டால் வாங்கிக்கொள்வோம் என்று அன்றைய பிரதமர் மன்மோகன் சிங் அரசு சொல்லிவிட்டது. 2018 கேரள வெள்ளத்தின்போதும் வெளிநாட்டு அரசுகள் தர வந்ததை இதே காரணத்துக்காக வாங்கவில்லை. 2016-ல் வந்த தேசியப் பேரிடர் மேலாண்மைத் திட்டத்தில் இதை எழுத்திலேயே வைத்திருக்கிறார்கள்: இந்தியா தானாகக் கையேந்தாது, ஒரு நாடு நல்லெண்ணத்தோடு தானே முன்வந்தால் மத்திய அரசு ஏற்றுக்கொள்ளலாம். 2021-ல் கொரோனா இரண்டாம் அலையில் ஆக்சிஜன் கருவிகள் பல நாடுகளிலிருந்து வந்து இறங்கியது நினைவிருக்கும்.

எல்லா நாடும் இப்படி வேண்டாம் என்று சொல்லிவிட முடியாது. அட்லாண்டிக் பக்கம் நம் புயலுக்கு ஹரிகேன் என்று பெயர். பிறக்கும் கடல்தான் வேறு, இனம் ஒன்றுதான். 2017 செப்டம்பரில் மரியா என்ற ஹரிகேன் டொமினிக்கா என்ற சின்னத் தீவு நாட்டை அடித்தது. சேதத்தைக் கணக்குப் போட்டால், அந்த நாடு முழுவதும் சேர்ந்து இரண்டு ஆண்டுக்கு மேல் உழைத்துச் சம்பாதிக்கும் அளவு வந்தது. அப்படிப்பட்ட நாட்டுக்கு வெளியிலிருந்து வரும் பணம் இல்லாமல் ஒரு கூரைகூட ஏறாது. இந்தியா பெரிய நாடு. ஒரு கரையில் புயல் அடித்தாலும் மற்ற மாநிலங்களின் வரி தில்லிக்கு வந்துகொண்டே இருக்கும். வேண்டாம் என்று சொல்ல முடிவது அதனால்தான்.

ஆனால் இரண்டாவது வழி திறந்தே இருக்கிறது. 2005 தொடக்கத்தில் உலக வங்கி, ஆசிய வளர்ச்சி வங்கி, ஐ.நா. மூன்றும் சேர்ந்த கூட்டுக் குழு நம் கடற்கரையைச் சுற்றிப் பார்த்துச் சேதத்தை மதிப்பிட்டது. அந்த ஆண்டு மே மாதம் தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் சேர்த்து உலக வங்கி 46.5 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. ஆசிய வளர்ச்சி வங்கி தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் 20 கோடி டாலர் தந்தது.

தானமா, கடனா?

‘உதவி’ என்ற சொல்லைக் கேட்டதும் யாரோ இரக்கப்பட்டு அள்ளிக் கொடுத்ததாக நினைத்துக்கொள்கிறோம். ஆசிய வளர்ச்சி வங்கியின் அந்த 20 கோடியில் பாதிதான் மானியம், மீதிப் பாதி கடன். உலக வங்கியின் 46.5 கோடியும் கடன்தான். அந்த வங்கியின் ஒரு பிரிவான சர்வதேச வளர்ச்சிச் சங்கம் கொடுக்கும் சலுகைக் கடன் அது. வட்டி கிடையாது அல்லது மிகக் குறைவு, சேவைக் கட்டணம் உண்டு. முதல் சில ஆண்டுகள் அசலைத் தொட வேண்டாம், அப்புறம் இருபது முப்பது ஆண்டுகளில் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டலாம். சந்தையில் இப்படி ஒரு கடன் யாருக்கும் கிடைக்காது, அந்த அளவில் அது உதவிதான். ஆனாலும் கட்டித்தான் ஆக வேண்டும்.

யார் கட்டுவது? ஒப்பந்தம் போடுவது மத்திய அரசு. 2005 ஏப்ரலுக்குப் பிறகு வந்த நடைமுறையில், தமிழ்நாடு போன்ற மாநிலங்களின் திட்டத்துக்கு வாங்கும் வெளிநாட்டுக் கடன் என்ன நிபந்தனையில் வருகிறதோ அதே நிபந்தனையில் மாநிலத்தின் தலையில் ஏறுகிறது. நாணய மதிப்பு ஏறி இறங்கினால் அந்தச் சுமையும் மாநிலத்துக்குத்தான். 2013 நடுவில் ஒரு டாலர் ஏறக்குறைய 60 ரூபாய். பத்து ஆண்டு கழித்து அது 80-ஐத் தாண்டிவிட்டது. வாங்கும்போது 60 ரூபாயாக வந்ததைக் கட்டும்போது 80 ரூபாயாக எடுத்துவைக்க வேண்டியிருக்கிறது.

இதை நான் குறையாகச் சொல்லவில்லை. நாம் கட்டப்போகும் பணத்தில் எழும் வீடு என்று தெரிந்தால், அந்த வீட்டைப் பற்றிக் கேள்வி கேட்கும்போது கூச்சம் வராது. ‘சும்மா கொடுக்கிறார்கள், கிடைத்ததை வாங்கிக்கொள்’ என்று சுனாமிக் குடியிருப்புகளில் எத்தனையோ பேருக்குச் சொல்லப்பட்டது. அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டு சுவர் விரிசலைப் பார்த்தும் பேசாமல் சாவியை வாங்கிக்கொண்டவர்களை எனக்குத் தெரியும்.

பணம் எப்படி நகர்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், அக்கா கேட்டது அதைத்தான். உலக வங்கி மொத்தப் பணத்தையும் பெட்டியில் போட்டுக் கொண்டுவந்து வைத்துவிடுவதில்லை. பெரும்பாலும் மாநில அரசு முதலில் தன் பட்ஜெட்டிலிருந்து செலவு செய்யும். ஒப்பந்ததாரருக்கோ பயனாளிக்கோ பணம் போகும். அந்த பில்களையும் கணக்கையும் தொகுத்து, தில்லியில் நிதி அமைச்சகத்தின் கீழ் வெளிநாட்டு உதவிக் கணக்குகளைப் பார்க்கும் ஒரு அலுவலகத்துக்கு அனுப்பும். அங்கிருந்து வங்கிக்குப் போகும். டெண்டர் ஒழுங்காக விட்டார்களா, நிலம் எடுத்ததில் யாருக்காவது அநியாயம் நடந்ததா, சுற்றுச்சூழல் விதி மீறினார்களா என்று வங்கி பார்த்து, சரியாக இருந்தால் அந்தச் செலவை ஈடு செய்யும். நம் வீட்டுப் பிள்ளை கைக்காசைப் போட்டு மளிகை வாங்கிவந்து, ரசீதைக் காட்டி அப்பாவிடம் திரும்ப வாங்கிக்கொள்வது போலத்தான். ரசீது சரியில்லை என்றால் காசு வராது. அதனால்தான் இந்தத் திட்டங்களில் அளவெடுக்கிறவர், போட்டோ எடுக்கிறவர், கையெழுத்து வாங்குகிறவர் என்று ஆள் மாற்றி ஆள் வந்துகொண்டே இருக்கிறார்கள். சலிப்பாகத்தான் இருக்கும். அந்த போட்டோதான் ரசீது.

பதினெட்டுக்குப் பதினெட்டு

இப்போது வீடு. சுனாமிக்குப் பிறகு, 2005 மார்ச் இறுதியில் தமிழக வருவாய்த் துறை ஓர் அரசாணை போட்டது. ஒரு வீடு 300 முதல் 325 சதுர அடி இருக்க வேண்டும். செலவு சுமார் 1,50,000 ரூபாய். அரசு நிலம் கொடுக்கும், தொண்டு நிறுவனங்கள் மாவட்ட ஆட்சியரோடு ஒப்பந்தம் போட்டுக்கொண்டு கட்டித்தரலாம். இந்த அரசாணையில் எனக்குப் பிடித்த வரி ஒன்று உண்டு. வீடு கணவன், மனைவி இருவர் பெயரிலும் சேர்ந்து இருக்க வேண்டும் என்பதுதான் அது. அதுவரை சொந்தப் பெயரில் ஒரு முழம் மண்கூட இல்லாமலிருந்த எத்தனையோ மீனவப் பெண்களின் பெயர் முதல் தடவையாக ஒரு வீட்டுக் காகிதத்தில் ஏறியது இப்படித்தான்.

325 சதுர அடி என்றால் எவ்வளவு என்று பார்க்க வேண்டுமானால், தரையில் 18 அடிக்கு 18 அடி கோடு போட்டுப் பாருங்கள். அதற்குள் கூடம், ஓர் அறை, சமையலறை, கழிப்பறை. குடும்பத்துக்கு ஒண்டிக்கொள்ள இடம் இருக்கும். வலை எங்கே வைப்பது? இன்ஜினை எங்கே கழற்றிப் போடுவது? கருவாட்டை எங்கே காயவைப்பது? குப்பத்து வீடு என்பது வாசலில்தான் பாதி. வாசலில்தான் வலை பின்னுவார்கள், வாசலில்தான் வியாபாரம் பேசுவார்கள், ராத்திரி பாதிக் குடும்பம் அங்கேதான் படுக்கும். வரிசையாக ஒட்டி ஒட்டி எழுப்பிய காங்கிரீட் வீடுகளுக்கு அந்த வாசல் கிடையாது. இதை வரைபடம் போட்டவர்களிடம் முன்கூட்டியே ஒரு வயசான அம்மா சொல்லியிருந்தால் ஐந்து நிமிஷத்தில் புரிந்திருக்கும்.

இடத்தின் பிரச்சினை இன்னும் பெரிது. அன்றைய கடற்கரை ஒழுங்குமுறை விதிப்படி, பெரும்பாலான இடங்களில் அலை ஏறும் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் புதிதாக வீடு கட்ட முடியாமல் இருந்தது. அதற்குள் வீடு போனவர்களுக்கு அரசாணை ஒரு தேர்வைக் கொடுத்தது: உள்ளே தள்ளிப் போனால் புதுவீடு உண்டு, இங்கேயே இருப்பேன் என்றால் இருக்கலாம், ஆனால் கட்டிக்கொள்ள உதவி கிடையாது. சொல்லும்போது எளிது. விடிகாலை இரண்டு மணிக்குக் கடலின் சத்தத்தைக் கேட்டே இன்று போகலாமா கூடாதா என்று முடிவெடுக்கிற ஆளுக்கு, ஒரு கிலோமீட்டர் உள்ளே போவது தொழிலிலிருந்தே தள்ளிப் போவது மாதிரி. புதுவீட்டைப் பூட்டி வைத்துவிட்டுக் கரையிலேயே கொட்டகை போட்டுத் தங்கியவர்கள் உண்டு. ‘வீடு கொடுத்தும் போகவில்லை, நன்றி கெட்டவர்கள்’ என்று சிலர் பேசியதைக் கேட்டு எனக்கு மனசு வலித்திருக்கிறது.

வீடு கட்டுவதில் இரண்டு முறை உண்டு. ஒப்பந்ததாரரோ தொண்டு நிறுவனமோ கட்டிச் சாவியைக் கொடுப்பது ஒன்று. பணத்தைத் தவணையாகக் குடும்பத்துக்கே கொடுத்து, அஸ்திவாரம் போட்டதும் ஒரு தவணை, லிண்டல் மட்டம் வந்ததும் ஒரு தவணை, தளம் போட்டதும் ஒரு தவணை என்று அவர்களையே கட்டவைப்பது மற்றொன்று. இலங்கையில் போருக்குப் பிறகு வடக்கு, கிழக்கில் இந்தியா மானியமாகக் கட்டித்தந்த வீடுகளில் மிகப் பெரும்பாலானவை இந்த இரண்டாவது முறையில் எழுந்தவைதான். வீடு ஒன்றுக்கு 5,50,000 இலங்கை ரூபாய் என்று வைத்து, நான்கு தவணையாகப் பயனாளியின் கணக்கிலேயே போட்டார்கள். என்னைக் கேட்டால் இந்த முறையைத்தான் சொல்வேன். தன் வீட்டுக்குத் தானே சிமெண்ட் வாங்குகிற ஆள், மணலில் உப்பு இருக்கிறதா என்று நாக்கில் வைத்தாவது பார்ப்பார். கடலோரத்தில் உப்பு மணல் போனால் உள்ளே கம்பி துருப்பிடித்து, சில ஆண்டிலேயே தளத்தின் பூச்சு பெயர்ந்து விழும். ஆனால் வீட்டில் கட்டடம் பார்க்க ஆள் இல்லாத விதவைகள், முதியவர்களுக்கு இந்த முறை பெரிய பாரம். அவர்களுக்குக் கட்டித்தான் கொடுக்க வேண்டும்.

மேரி கட்டடமும் மின்கம்பமும்

2011 டிசம்பர் 30 விடிகாலை, கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே தானே புயல் கரையேறியது. மணிக்கு 140 கிலோமீட்டர் வரை காற்று. பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்பும் பலாமரமும் வேரோடு சாய்ந்து கிடந்ததைப் பார்த்தவர்கள் இன்றும் அதைச் சொல்லும்போது குரல் இறங்கும். கூரை வீட்டுக்காரர்களுக்கு ஒரு லட்சம் காங்கிரீட் வீடு கட்டித்தரும் திட்டத்தைத் தமிழக அரசு அப்போது அறிவித்தது. மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் ஒடிந்து விழுந்து, வாரக்கணக்கில் ஊரே இருட்டில் கிடந்தது.

சுனாமி, தானே புயல் இரண்டும் கற்றுக்கொடுத்ததை வைத்து 2013-ல் இன்னொரு உலக வங்கித் திட்டம் வந்தது. கடலோரப் பேரிடர் அபாயக் குறைப்புத் திட்டம் என்று பெயர். தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்குமாக 23.6 கோடி டாலர் கடன். இதில் வீடுகள் உண்டு, புயல் பாதுகாப்பு மையங்கள் உண்டு, மீன் இறங்குதளங்கள் உண்டு. கடலூர் நகரத்தில் மின்கம்பிகளைப் பூமிக்கடியில் கேபிளாகக் கொண்டுபோகும் வேலையும் இந்தப் பணத்தில்தான் எடுக்கப்பட்டது. விழுந்த கம்பத்தைத் திரும்ப நட்டால் அடுத்த புயலில் திரும்ப விழும்; அதனால் விழாத மாதிரிக் கட்டு என்பதுதான் இந்தத் திட்டங்களின் அடிப்படை எண்ணம். முன்பு இருந்ததைவிட மேலாகக் கட்டுவது என்ற இந்தப் பேச்சு உலகம் முழுக்கப் பரவியதே சுனாமிக்குப் பிறகுதான்.

பொதுக் கட்டடத்துக்கு எனக்குத் தெரிந்த நல்ல எடுத்துக்காட்டு புதுச்சேரி கடற்கரைச் சாலையில் நிற்கிறது. மேரி கட்டடம். பிரெஞ்சுக்காரர்கள் 1870-71-ல் கட்டிய நகர மண்டபம் அது. எத்தனையோ பேரின் பிறப்பும் இறப்பும் பதிவான இடம். 2014 நவம்பர் 29 அன்று, தொடர்ந்து பெய்த மழையில் அது இடிந்து விழுந்தது. வெள்ளைச் சுண்ணாம்புச் சுவரும் உயர்ந்த தூண்களும் மண்மேடாகக் கிடந்ததைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் திரும்பி நடந்த பெரியவர்கள் எத்தனையோ பேர். அதே பழைய தோற்றத்தில், உள்ளே இன்றைய உறுதியோடு, 2013 திட்டத்தின் நிதியில் ஏறக்குறைய 15 கோடி ரூபாயில் அதைத் திரும்ப எழுப்பினார்கள். 2021 பிப்ரவரியில் பிரதமர் திறந்துவைத்தார். மாலையில் கடற்கரையில் நடக்கப் போனால் நின்று பாருங்கள். வாஷிங்டனில் தலைமையகம் உள்ள வங்கியின் கடன், பிரெஞ்சுக்காரர் போட்ட வரைபடம், நம் ஊர்க் கொத்தனாரின் கை, மூன்றும் சேர்ந்து நிற்கும் சுவர் அது.

இதே திட்டத்தில் வந்த புயல் பாதுகாப்பு மையங்கள் இன்னும் முக்கியம் என்று நினைக்கிறேன். தூண்மேல் தூக்கி நிறுத்திய கட்டடம், சக்கர நாற்காலி ஏறுகிற சாய்தளம், மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டி. சாதாரண நாளில் பள்ளியாகவோ சமுதாயக் கூடமாகவோ பயன்படும். புயல் நாளில் ஊரே ஏறிக்கொள்ளும். ஆனால் கட்டுவதற்குக் கடன் தருகிற வங்கி, வருஷா வருஷம் வெள்ளையடிப்பதற்கோ கழிப்பறைக் குழாயை மாற்றுவதற்கோ தராது. அது உள்ளூர் பொறுப்பு. எங்கள் பக்கத்தில் ஒரு மையத்தின் சாவி யாரிடம் இருக்கிறது என்று புயல் எச்சரிக்கை வந்த ராத்திரி மூன்று வீடு தேடியிருக்கிறேன். உங்கள் ஊரிலும் ஒன்று இருந்தால், மழைக்காலத்துக்கு முன்பே சாவியை விசாரித்து வையுங்கள்.

பாரிஸ் மாமாவும் துபாய் அண்ணனும்

மூன்றாவது வழி, தொண்டு நிறுவனம் வழியாக வரும் பணம். புதுச்சேரியில் தெருவுக்கு நாலு வீட்டுக்காவது பிரான்சில் சொந்தம் உண்டு. புயல் என்றதும் அங்கிருந்து போன் வரும்: “எவ்வளவு அனுப்பட்டும், யாருக்கு அனுப்பட்டும்?” இங்கே சட்டம் ஒன்று குறுக்கே நிற்கிறது, அதைத் தெரிந்துகொள்ளாமல் நல்ல மனசோடு மாட்டிக்கொள்பவர்கள் உண்டு.

வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம், 2010. வெளிநாட்டவர் தரும் நன்கொடையை வாங்க வேண்டுமானால் ஒரு தொண்டு நிறுவனத்துக்கு மத்திய உள்துறையின் பதிவோ முன் அனுமதியோ வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு, எந்த ஊர் நிறுவனமானாலும் அந்தப் பணம் முதலில் பாரத ஸ்டேட் வங்கியின் புதுதில்லி முதன்மைக் கிளையில்தான் வந்து இறங்க வேண்டும். வாங்கியதை இன்னொரு நிறுவனத்துக்குப் பிரித்துக் கொடுக்கக் கூடாது. நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. முன்பெல்லாம் பெரிய நிறுவனம் ஒன்று பணத்தை வாங்கி, குப்பத்திலேயே இருக்கும் சின்ன அமைப்புகளிடம் பிரித்துக் கொடுத்து வேலை வாங்கும். இப்போது அந்த வழி அடைபட்டிருக்கிறது. முறைகேட்டைத் தடுக்கத்தான் விதி. ஆனால் யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று தெரிந்த சின்ன அமைப்புகள்தான் இதில் அதிகம் அடிபட்டன என்பது என் எண்ணம்.

இதில் ஒரு நுணுக்கம். துபாயில் வேலை பார்க்கும் அண்ணன் இந்திய பாஸ்போர்ட் வைத்திருந்தால், அவர் ஊர்த் தொண்டு நிறுவனத்துக்குத் தன் சம்பாத்தியத்திலிருந்து தருவது வெளிநாட்டுப் பங்களிப்பு ஆகாது. பாரிஸில் இருக்கும் மாமா பிரெஞ்சுக் குடியுரிமை வாங்கிவிட்டவர் என்றால், அவர் பிறந்தது முத்தியால்பேட்டையாகவே இருந்தாலும், அதே நிறுவனத்துக்கு அவர் தருவது வெளிநாட்டுப் பங்களிப்பு. அவரே தன் தங்கை வீட்டுக் கூரையைச் சரிசெய்யத் தங்கைக்கு நேரே அனுப்பினால் பிரச்சினை இல்லை. உறவினரிடமிருந்து ஆண்டுக்கு 10 லட்சம் ரூபாய் வரை வாங்கினால் அரசுக்குத் தகவல்கூடத் தர வேண்டாம் என்று 2022-ல் மாற்றியிருக்கிறார்கள்.

நாம் வாங்குகிற பக்கத்தில் மட்டும் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2005-ல் கத்ரீனா ஹரிகேன் அமெரிக்காவை அடித்தபோது இந்தியா 50 லட்சம் டாலர் கொடுத்தது, விமானத்தில் நிவாரணப் பொருள்களும் அனுப்பியது. சுனாமி நடந்து ஓராண்டுகூட ஆகவில்லை அப்போது. 2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயல் இலங்கையைப் புரட்டிப் போட்டது. மறுகட்டுமானத்துக்கென்று இந்தியா 45 கோடி டாலர் அறிவித்தது. அதில் 35 கோடி சலுகைக் கடன், 10 கோடி மானியம். இடிந்த வீடுகளைக் கட்டுவதும் அதில் ஒரு பகுதி. கண்டியிலோ மன்னாரிலோ ஒரு அக்கா இப்போது தன் வீட்டு ஓட்டைப் பொறுக்கி அடுக்கிக்கொண்டு, ‘இந்தியா கோடிக்கணக்கில் தருகிறதாமே, என் புத்தகத்தில் ஏறுமா’ என்று கேட்டுக்கொண்டிருப்பார். அவருக்கும் இதே பதில்தான்.

எங்கள் அக்காவிடம் அன்றைக்கு நான் இவ்வளவும் சொல்லவில்லை. கணக்கெடுக்க வந்தவர்கள் என்ன எழுதிக்கொண்டு போனார்கள் என்று மட்டும் கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. மறுநாள் இருவரும் போய்ப் பார்த்தோம். பெயர் சரி, குடும்ப அட்டை எண் சரி, எதிரே ‘குடிசை’ என்று இருந்தது. பார்க்க வந்த நேரத்தில் அங்கே இருந்தது சேறும், மேலே அக்கா போட்ட தார்ப்பாயும்தான். ஓட்டு வீடு, மண்சுவர், முழுசாக இடிந்தது என்று மனு எழுதிக் கொடுத்தோம். “ஓட்டு வீடுதான்னு எப்படித் தெரியும்?” என்று கேட்டார் அங்கிருந்தவர்.

“வந்து பாருங்க சார்” என்றார் அக்கா. “கழுவி அடுக்கி வெச்சிருக்கேன். இருநூத்தி பதினாலு ஓடு.”